பாலும் நெய்யும் தேனும் தொடாத விருந்தாளிக்குத் தீபாவளிப் பெட்டி: என்ன வைக்கலாம்?

வண்ணார்பேட்டை கமலம்

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை செய்யும் ஒரு பெண் இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மைசூர் பக்கத்துப் பிள்ளை, மூன்று நாள் தங்குவாள். இரண்டு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன், தங்கமான குணம். நேற்று இரவு மகன் மெதுவாக ஆரம்பித்தான்: "அம்மா, அவள் வீகன்." சைவம்தானே, நமக்கென்ன என்று நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விளக்கினான். பால் கிடையாது, தயிர் கிடையாது, மோர் கிடையாது, நெய் கிடையாது, தேன்கூடக் கிடையாதாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சொதி இருக்கிறது, புளிக்குழம்பு இருக்கிறது, தாளிப்பை நல்லெண்ணெயில் போட்டால் முடிந்தது. பெட்டிதான் பிரச்சினை. மாமியார் காலத்திலிருந்து தீபாவளிக்கு வந்தவர்களை ஓலைப்பெட்டி நிறையப் பலகாரம் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவோம். அல்வா, மைசூர்பாகு, லட்டு, அதிரசம், முந்திரிக்கொத்து, முறுக்கு, ஒரு டப்பா லேகியம். பட்டியலை எழுதிவைத்துப் பார்த்தால் ஒன்று விடாமல் நெய் மணக்கிறது. திருநெல்வேலிக்கு வந்த பெண்ணை அல்வா இல்லாமல் அனுப்பினால் எனக்கே தூக்கம் வராது. இன்னும் 16 நாள் இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

புறநகர் ரயில்

அக்கா, ரொம்பச் சுலபம். பாதாம், அத்தி, பேரீச்சை, வால்நட் எல்லாம் தனித்தனி டப்பாவில். பாதாம் பால் ஒரு பெட்டி, கறுப்புச் சாக்லேட் இரண்டு. சென்னையில் எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் கொடுத்தோம்.

வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். அது சைவம் என்றுதான் சொல்லும், பாலும் தேனும் அதற்குள் அடக்கம். நனிசைவ (வீகன்) உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறையும் தனிச் சின்னமும் கொண்டுவந்தது. பச்சைச் சதுரத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்து, அதன்மேல் சின்ன இலை. அது இல்லாவிட்டால் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியதுதான். கறுப்புச் சாக்லேட்டிலேயே பால் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. பிஸ்கட்டில் பால் பொடி. பளபளக்கும் மிட்டாய் உறையில் 904 என்ற எண்ணைப் பார்த்தால் அது அரக்கு, பூச்சியிடமிருந்து வருவது. சிவப்பு மிட்டாயில் 120 என்று இருந்தால் அதுவும் பூச்சிச் சாயம்தான்.

எள்ளுருண்டை

நான் கோவை. ஏழு வருடமாக நனிசைவம். கமலம் அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து உலர்பழப் பெட்டி வேண்டாம்.

புறநகர் ரயில் கோபித்துக்கொள்ளக் கூடாது, லேபிளைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எங்களுக்கு யார் வீட்டுக்குப் போனாலும் அதே பாதாம், அதே அத்திப்பழம். போன தீபாவளிக்கு எனக்கு மட்டும் நான்கு பெட்டி வந்தன. மற்றவர்கள் கையில் ஜாங்கிரியும் தட்டையும் போகும். எனக்கு மட்டும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவனைப் பார்க்க வந்ததுபோல, இரண்டு ஆப்பிளும் ஒரு சோயா பால் பெட்டியும். மரியாதையாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனாலும் பந்தியில் தனி இலை போட்டதுபோல மனதில் ஒரு சுருக்கு.

அம்மா வீட்டில் எல்லோருக்கும் என்ன போகிறதோ, அதே பெட்டி அந்தப் பெண்ணுக்கும் போகட்டும். உள்ளே இருப்பதில் பால் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் பக்கத்துப் பலகாரங்களில் அது நடக்கும். கொங்கு நாட்டைவிட உங்களுக்குச் சுலபம்.

சாத்தூரான்

எள்ளுருண்டை சொன்னதற்கு என் வாக்கு. ஒரு சந்தேகம் கமலம் அக்கா: முந்திரிக்கொத்தில் நெய் எங்கே வந்தது? வறுத்த பாசிப்பயறு மாவு, தேங்காய், எள், ஏலக்காய், கருப்பட்டிப் பாகு. உருட்டி, அரிசி மாவில் முக்கி, எண்ணெயில் பொரிப்பது. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் குலை மாதிரி வருவதால் அந்தப் பெயர் என்பார்கள். அதில் முந்திரியும் இல்லை, நெய்யும் இல்லை.

வண்ணார்பேட்டை கமலம்

அடடா. பாகில் இரண்டு கரண்டி நெய் விடுவது எங்கள் மாமியார் பழக்கம் தம்பி. அதை விட்டுவிட்டால் உதிர்ந்துபோகாதா?

சாத்தூரான்

போகாது. எங்கள் ஆச்சி வீட்டில் நெய் என்பது சாமிக்கும் மருமகனுக்கும் மட்டும்தான். கரிசல் காட்டில் நாள் முழுக்க மேயும் மாட்டுக்குக் கிடைப்பது காய்ந்த சோளத்தட்டை. அது எவ்வளவு பால் கொடுக்கும்? அதனால் எங்கள் பக்கத்து மிட்டாய்கள் எல்லாம் எண்ணெயையும் கருப்பட்டியையும் நிலக்கடலையையும் நம்பி வளர்ந்தவை.

கருப்பட்டி மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசியும் கொஞ்சம் உளுந்தும் அரைத்த மாவை ஓட்டைத் துணியில் கட்டி, எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்து, அப்படியே கருப்பட்டிப் பாகில் அமுக்கி எடுப்பார்கள். கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து உள்ளிருந்து பாகு வழியும். சாத்தூர் சேவு இருக்கவே இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கடலையும் வெல்லமும்தான் சரக்கு, மேலே நிறம் போட்ட தேங்காய்த் துருவல். ரயில் கோவில்பட்டியில் நின்றால் ஜன்னலுக்கே வந்துவிடும்.

ஊத்துக்குளியான்

வெண்ணெய்க்குப் பெயர்போன ஊர்க்காரன் பேசாமல் இருந்தால் தப்பு. எங்கள் வீட்டில் நான்கு எருமை நிற்கிறது. அதுகளைப் பிள்ளை மாதிரி பார்க்கிறோம். விருந்துக்கு வந்தவர், வைத்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் முறை. மூன்று நாளைக்கு ஒரு கரண்டி நெய் சாப்பிட்டால் எந்த உயிர் போய்விடும்? அல்வாவில் விழுந்த நெய்யை அந்தப் பெண் கண்டுபிடிக்கவா போகிறாள்? சொல்லாமல் கொடுங்கள் அம்மா.

எள்ளுருண்டை

சொல்லாமல் கொடுப்பது என்ற பேச்சே வேண்டாம் ஐயா. உங்கள் வீட்டுச் சாம்பாரில் யாராவது எலும்புச் சாறு ஊற்றிவிட்டு "கண்டுபிடிக்கவா போகிறார்" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அளவு அதேதான்.

எருமையைப் பிள்ளைபோல வளர்ப்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு அல்ல. கிடாக் கன்று பிறந்தால் என்ன செய்கிறீர்கள்?

ஊத்துக்குளியான்

கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன். முன்பு உழவுக்கும் வண்டிக்கும் ஆகும். இப்போது டிராக்டர். சந்தைக்குத்தான் போகிறது. எனக்கும் அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் கன்று ஈன்றால்தான் பால், பால் இருந்தால்தான் எங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணம். அந்தப் பெண்ணின் கொள்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. சொல்லாமல் கொடுங்கள் என்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

நெறியாளர்

இருவருக்கும் நன்றி. மாட்டுப் பண்ணை விவாதத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். இங்கே பெட்டிக்குத் திரும்புங்கள்.

மயிலைச் செல்வி

மைசூர்பாகுக்கு ஒரு வழி: நெய்க்குப் பதில் டால்டா. அது தாவர எண்ணெய்தானே?

செக்கடி

தாவரம்தான். ஆனால் நாக்கில் கரையாது, மேலண்ணத்தில் மெழுகு அப்பினதுபோல நிற்கும். வனஸ்பதியில் மாறுகொழுப்பு (டிரான்ஸ் ஃபேட்) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமே வந்துவிட்டது, முன்பு இருந்ததைவிட இப்போது பரவாயில்லை. ஆனாலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் பொருளா அது?

தேங்காய் எண்ணெயில் மைசூர்பாகு நான் செய்திருக்கிறேன். ருசி அருமை. ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறைவது, அதற்கு மேலே இளகுவது. திருநெல்வேலியில் பெட்டிக்குள் சொதசொதவென்று இருக்கும், பெங்களூர்க் குளிரில் செங்கல்லாகிவிடும். இரண்டு ஊருக்கும் பொருந்தாத பலகாரத்தை ரயிலில் ஏற்றாதீர்கள். நெய்யின் வாசத்துக்காகவே பிறந்த பண்டத்தை நெய் இல்லாமல் செய்து நிரூபிக்க வேண்டிய கட்டாயம் என்ன? மைசூர்பாகு, லட்டு இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

வண்ணார்பேட்டை கமலம்

அடித்துவிட்டேன். தூத்துக்குடி மக்ரூன் வைக்கலாமா? அதில் நெய்யும் இல்லை, பாலும் இல்லை. முந்திரியும் சீனியும்தானே?

சாத்தூரான்

அக்கா... முட்டை வெள்ளைக்கரு. அதை நுரைக்க அடித்துத்தான் மக்ரூன் அப்படி உப்புகிறது.

வண்ணார்பேட்டை கமலம்

முருகா. முப்பது வருடமாக எங்கள் வீட்டில் வாங்கித் தின்கிறோம். என் கணவர் வெங்காயம் சேர்ந்த சட்டினியையே கார்த்திகை மாதம் தொடமாட்டார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.

எள்ளுருண்டை

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் குளிரவைத்து அடித்தால் வெள்ளைக்கருபோலவே நுரை கட்டும். அதில் மக்ரூன் முயன்றிருக்கிறேன். மூன்றில் ஒரு முறை சரியாக வரும். தீபாவளி நெருக்கடியில் வேண்டாம்.

கீழக்கரை மருமகள்

நான் இராமநாதபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரில் தொதல் என்று ஒன்று உண்டு. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப் பால். பால் என்ற பெயரில் அதற்குள் போவது தேங்காய் மட்டும்தான். இலங்கையிலும் இதே பெயரில் செய்கிறார்கள், மலேயா பக்கம் தொதோல் என்பார்கள். கப்பலேறி வந்த பலகாரம்.

ஒரு படி சொல்கிறேன். அரைக் கிலோ அரிசி மாவு என்றால் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கருப்பட்டி, நான்கு பெரிய தேங்காய். முதல் பாலைத் தனியாக வைத்துவிட்டு இரண்டாம் மூன்றாம் பாலில் மாவையும் கருப்பட்டிக் கரைசலையும் சேர்த்து அடிகனமான உருளியில் ஏற்ற வேண்டும். பிறகு முதல் பால். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிண்ட வேண்டும், கை மாற்ற ஒரு ஆள் வேண்டும். முதலில் கூழ்போலக் கொதித்துத் தெறிக்கும். பிறகு சுருண்டு வரும். கடைசியில் தேங்காயே தன் எண்ணெயைக் கக்கிவிடும். கறுத்து மினுமினுவென்று துடுப்போடு மொத்தமாக எழுந்து வந்தால் இறக்கலாம். தட்டில் தடவ நெய்யே தேவைப்படாது, அதன் எண்ணெய் போதும். வெளியே வைத்தாலே ஒரு வாரம் தாங்கும்.

சாத்தான்குளத்துப் பேரன்

கமலம் அத்தை, அல்வா இல்லாமல் அனுப்ப வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் முதலூர் இருக்கிறது, தெரியும்தானே? மஸ்கோத் அல்வா. தேங்காய்ப் பாலில் கிண்டுவது. நெய் ஒரு சொட்டுக்கூட இல்லை.

வண்ணார்பேட்டை கமலம்

தெரியும் மகனே, சின்ன வயதில் தின்றிருக்கிறேன்! அதில் நெய் இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரிகிறது. அந்த வழவழப்பு தேங்காய்ப் பாலா? கண்ணாடிபோல இருக்குமே.

சாத்தான்குளத்துப் பேரன்

தேங்காய்ப் பால்தான். அம்மா செய்யும் முறை இது. ஒரு குவளை மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, கசக்கிப் பாலெடுக்க வேண்டும். ரப்பர்போல ஒரு சக்கை மிஞ்சும், அதை எறிந்துவிடலாம். எடுத்த பாலை இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, காலையில் மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். அடியில் நிற்கும் கெட்டிப் பாலோடு மூன்று குவளை சீனி, மூன்று குவளை கெட்டியான தேங்காய்ப் பால். அவ்வளவுதான். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுக்கிறீர்களே, அதே கைவேலை. நெய் ஊற்றும் இடத்தில் மட்டும் தேங்காய். எண்ணெய் பிரிந்து ஓரம் விடும்வரை கிண்டுங்கள். பாதியில் பயந்து இறக்கினால் பசையாகிவிடும். முந்திரியை எண்ணெயில் வறுத்துப் போடுங்கள், பழக்கதோஷத்தில் நெய்யில் வறுத்துவிடாதீர்கள்.

சுக்குமிளகு

லேகியத்தையும் விட்டுவிட வேண்டாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, சீரகம், தனியா எல்லாம் வறுத்துப் பொடித்து வெல்லப் பாகில் கிண்டுவது. நெய்யும் தேனும் கடைசியில் சேர்வதுதான். முழுக்க நல்லெண்ணெயிலேயே கிளறினால் மருந்து வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும். மூன்று நாள் பலகாரம் தின்ற வயிற்றுக்கு ரயிலில் அதுதான் துணை.

வண்ணார்பேட்டை கமலம்

எல்லாம் குறித்துக்கொண்டேன். பெட்டி நிறைந்துவிட்டது என்றே தோன்றுகிறது. மேலே வைத்துக் கொடுக்க ஒரு புடவையும் எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை, சின்னச் சரிகை, நல்ல பட்டு.

எள்ளுருண்டை

அம்மா, பட்டு...

கீழக்கரை மருமகள்

உடன் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பட்டுப்புடவையா அக்கா? எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.

வண்ணார்பேட்டை கமலம்

மருமகளே, உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. எள்ளுருண்டை, பட்டுக்கு என்ன? அது சாப்பிடும் பொருள் இல்லையே.

எள்ளுருண்டை

பலர் உணவோடு நிறுத்திக்கொள்வார்கள். பலர் தோல் செருப்பு, கம்பளி, பட்டு எதையும் தொடமாட்டார்கள். புழு கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் கூட்டோடு வெந்நீரில் போடுகிறார்கள். அதனால்தான் பட்டு. அந்தப் பெண் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முத்து, அரக்கு வளையல், புனுகு கலந்த அத்தர், ஆட்டுப்பால் சோப்பு இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

வண்ணார்பேட்டை கமலம்

கேட்டேன். "அவள் பட்டு உடுத்தமாட்டாள், உனக்கு யார் சொன்னது?" என்றான். பெருமையாக இருந்தது. கடையில் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். அது நாத்தனார் மகளுக்குப் போகிறது, அவளுக்கு ஏகக் கொண்டாட்டம். பருத்தியில் எது நன்றாக இருக்கும்?

மயிலைச் செல்வி

காரைக்குடிக் கண்டாங்கி. அந்தப் பெரிய கட்டமும் அகலக் கரையும் போட்டிக்குப் பட்டைக் கூப்பிடும். கொஞ்சம் மெல்லியதாக வேண்டுமென்றால் மதுரைச் சுங்குடி. ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

புறநகர் ரயில்

எல்லோரும் கருப்பட்டி கருப்பட்டி என்கிறீர்கள். பதநீர் புளிக்காமல் இருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுவார்கள். அது கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பாக இருந்தால் கருப்பட்டி நனிசைவமா? உலர்பழத்தைக் கேலி செய்தவர்கள் பதில் சொல்லட்டும்.

சாத்தூரான்

தம்பிக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வெண்டைச்செடித் தண்டைத் தட்டிப்போட்டுக் கரும்புச்சாற்று அழுக்கை எடுப்பார்கள், வெல்லத்தையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்டை தாவரம்தான் என்பதால் விடுதலை கிடைக்கும்.

எள்ளுருண்டை

நியாயமான கேள்வி, சிரிக்க வேண்டாம். என் பதில் இது: நான் கருப்பட்டி சாப்பிடுகிறேன். 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கம் தரும் விளக்கத்திலேயே "இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்துவரும்வரை" என்ற சொற்கள் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த கிளிஞ்சலுக்காகப் பனையேறியின் பிழைப்பை நான் ஒதுக்கப்போவதில்லை. வேறொருவர் வேறு கோடு போடலாம். அதனால்தான் ஒவ்வொரு பொட்டலத்திலும் சரக்கு என்ன என்று எழுதி ஒட்டுங்கள் என்கிறேன். வாங்குபவர் வாய் திறந்து கேட்கும் சங்கடம் மிச்சமாகும். "இதில் நெய் இருக்கிறதா" என்று விருந்து வீட்டில் பதினைந்தாவது முறை கேட்பதைப்போல ஒரு கூச்சம் கிடையாது.

செக்கடி

கட்டும் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. ஐப்பசி மழை. பதநீர் இறங்குவது கோடையில். இப்போது கிடைப்பது மாதக்கணக்கில் இருப்பில் இருந்த கருப்பட்டி. ஈரக்காற்றில் வியர்த்து ஒழுகும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைத்ததற்கு அதுதான் காரணம். கருப்பட்டி மிட்டாயை எண்ணெய்த்தாளில் சுற்றி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சேவையும் முறுக்கையும் அதற்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் நமத்துப்போகும். தொதலும் அல்வாவும் எண்ணெய் விடும், அடியில் இருக்கட்டும். ஓலைப்பெட்டியை முதல்நாளே அடுப்படிச் சூட்டில் காயவைத்துவிடுங்கள். முறுக்கில் வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஒரு கரண்டி, மாவு சூடாக இருக்கும்போதே பிசறினால் அதே மொறுமொறுப்பு.

வண்ணார்பேட்டை கமலம்

நாளை மறுநாள் வருகிறார்கள். அல்வாவுக்கு மைதாவை ஊறப்போட்டாயிற்று. முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டை கமலம்

தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் எழுதுகிறேன். கைவலி இப்போதுதான் விட்டது.

மஸ்கோத் முதல் முறை தோற்றது. சாத்தான்குளத்துப் பேரன் சொன்னபடியே பாதியில் பயந்து இறக்கினேன், சுவரொட்டி ஒட்டலாம் என்கிற பதத்தில் நின்றது. மறுநாள் மறுபடி. இந்த முறை என் கணவர் ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஓரமெல்லாம் எண்ணெய் மினுங்க, துடுப்பைத் தூக்கினால் கூடவே எழுந்து வந்தது. தட்டில் கொட்டி ஆறவைத்தால் விளக்கு வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. சின்ன வயதில் தின்ற அதே வழவழப்பு.

அதிரசத்தில்தான் வினை. மாவை மூன்று நாள் புளிக்கவைத்து, எண்ணெய் காயவைத்து, எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நாத்தனார் உதவிக்கு வந்து தட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு அதிரசம் எடுத்த பிறகுதான் பார்க்கிறேன், வாழையிலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். ஒவ்வொரு உருண்டைக்கும் விரலை நெய்யில் தொட்டுத்தான் தட்டியிருக்கிறார். நாற்பது வருடக் கைப்பழக்கம், அவருக்கே தெரியவில்லை. பன்னிரண்டையும் தனியாக எடுத்துவைத்து, எண்ணெயையும் மாற்றி, புது இலை போட்டு மீண்டும் தொடங்கினோம். நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் சமையலறைக்கு வந்து நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தொட்டு மீதியைத் தட்டினாள். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. கோணல்மாணலாகப் பதினெட்டு அதிரசம். பெட்டிக்குள் போனவை அவைதான்.

கடைசியில் பெட்டியில் இருந்தவை: அடியில் மஸ்கோத், தொதல். நடுவில் முந்திரிக்கொத்து, அதிரசம், கருப்பட்டி மிட்டாய். மேலே சேவு, எண்ணெய் முறுக்கு, கடலை மிட்டாய். ஓரத்தில் லேகியம், கால் கிலோ சுக்குப் பொடி. எல்லாவற்றிலும் சரக்கு எழுதி ஒட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்று எங்கள் வீட்டுப் பேரன் ஒவ்வொன்றிலும் தேங்காய், கடலை, பனைமரம் என்று படம் வரைந்தான். பனைமரம் சற்றே துடைப்பம்போல வந்தது. கருப்பட்டிப் பொட்டலத்தில் சுண்ணாம்பு விஷயத்தையும் எழுதச் சொன்னேன், புறநகர் ரயிலுக்காக. அவள் என் மகனை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு கருப்பட்டி கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எங்கள் அண்ணன் வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் அதே பெட்டிதான் கொடுத்தேன். அண்ணி இதுவரை நெய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மைசூர்பாகு எங்கே என்று மட்டும் கேட்டார்.

கண்டாங்கியை ரயிலேறும் அன்று உடுத்திக்கொண்டே போனாள்.

கீழக்கரை மருமகள்

அக்கா, அந்த வேறு அர்த்தம் பற்றி?

வண்ணார்பேட்டை கமலம்

நேற்று மைசூரிலிருந்து அவளுடைய அம்மா அழைத்தார்கள். அரைகுறைத் தமிழில் அரை மணி நேரம். அல்வா செய்முறை கேட்டார்கள், முழுக்கச் சொன்னேன். அவர்கள் வீட்டில் மகள் மட்டும்தான் இப்படியாம், மற்றவர்கள் எல்லாம் நெய் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதில் கொஞ்சம் நெய் விட்டால் இன்னும் நன்றாக இருக்குமோ?" என்றார்கள்.

ஊத்துக்குளியான்

என்ன பதில் சொன்னீர்கள் அம்மா?

வண்ணார்பேட்டை கமலம்

மகன் பக்கத்தில்தான் நின்றான். தொலைபேசியை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.